அஞ்சலையின் பெயர் சாய்ந்திருந்த பக்கம்

நான் விட்டுவந்த அறைக்குப் புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறதாம். துணியைத் தொடவே வேண்டாமாம். மேலே நின்று படமெடுத்து, நூலை நூலாகப் பிரித்துத் திரையில் விரித்துவிடுமாம். இப்போது அங்கே வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் போன வாரம் போனில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு மாறி மாறிச் சொன்னார்கள்.

"மேடம், ஒங்க காலத்துல இதெல்லாம் வெறுங்கண்ணாலயா பாத்தீங்க?"

"ஒங்க காலம்னா? நான் என்ன செத்தா போயிட்டேன்? கண்ணு சரியில்லடி, அதான் வீட்ல ஒக்காந்திருக்கேன்."

சிரித்தார்கள். பிறகு காரியத்துக்கு வந்தார்கள். ஆபீசில் சிறப்பு மலர் போடுகிறார்கள். 'அந்த லேமினேஷன் கேஸை' நான் எழுதித் தர வேண்டும். சரி என்றேன். சொன்ன நாளிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். கடலூர்க் காற்று உப்போடு வந்து கதவைத் தள்ளுகிறது. நடுவயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவளுக்குக் கைகள் மட்டும் இன்னும் வேலைக்குப் போய் வருகின்றன.

என் வேலை பழந்துணிகளைக் காப்பாற்றுவது. ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பராமரிப்பு அறை. தேர்ச்சீலை வரும், கொடி வரும், ஜமீன் வீட்டுச் சட்டை வரும். என் மனசு போய் விழுந்தது அவற்றில் எதிலும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் தைத்த மாதிரித் துணிகளில்.

அந்தக் கால மிஷன் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் ஒரு பாடம். கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிய சதுரத் துணி ஒன்றைக் கொடுப்பார்கள். அதில் எழுத்து, எண், ஒரு மரம், இரண்டு பறவை, கடைசி வரியில் தைத்தவள் பெயர். எல்லாமே பெருக்கல் குறி மாதிரி விழுகிற குறுக்குத் தையல். வட்டமாகவே பிறந்த நம் எழுத்துகள் அந்தக் கட்டங்களுக்குள் முழங்கையை மடக்கி, முட்டியை மடக்கி, மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒண்டிய பஸ் பயணி மாதிரி உட்கார்ந்திருக்கும். எட்டு வயதோ ஒன்பது வயதோ ஆன ஒரு பிள்ளை, வெளியே மற்றவர்கள் விளையாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, 'ஞ'வின் வயிற்றை எப்படி வளைப்பது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். அந்த யோசனை நூலாகி அப்படியே கிடக்கிறது. பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பிறந்தாயிற்று, 'ஞ' இன்னும் வளைந்துகொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அது பழகவில்லை.

படிப்பு, பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. கை நடுங்காமலிருக்கவும் தும்மலை அடக்கவும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் சம்பந்தம் சாரோடு சேர்ந்து அலைந்ததில் வந்தது.

சார் வேதியியல்காரர். சிதம்பரத்தில் வீடு. தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போவார். கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு. அறையில் மின்விசிறிப் பொத்தானை டேப் போட்டு ஒட்டிவைத்திருந்தார். காற்றில் ஒரு நூல் பறந்தால் பறந்ததுதான் என்பார். சித்திரை வெயிலில் நாங்கள் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு கபடி ஆடப் போகிறவர்கள் மாதிரி வேலை செய்வோம். வியர்வை துணியில் சொட்டக் கூடாதல்லவா. மேசைமேல் துணி இருக்கும்வரை அவர் உட்கார மாட்டார். யாராவது பெரியவர்கள் வந்திருக்கிற மாதிரி நிற்பார். துணிகளை 'இது' என்று சொன்னதே இல்லை. "இவுங்க எங்கருந்து வராங்க?" என்பார். புதிதாக எது வந்தாலும் முதல் நாள் தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க மட்டும்தான் வேண்டும். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறவன்கூட மொத நாளே கையப் புடிக்க மாட்டான்" என்று அதற்கு ஒரு விளக்கம்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மாதிரித் துணியில் 'ழ'வுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. எடுத்துவிடலாம் சார், சின்னக் கறைதான் என்றேன். அவர் குனிந்து பார்த்தார்.

"யாரோட கறை?"

"தெரியல சார். ரத்தம் மாதிரி இருக்கு."

"ஊசி குத்தியிருக்கு. 'ழ' போடும்போது குத்தாம இருக்குமா?" கிராம்பை மறு கன்னத்துக்குத் தள்ளினார். "அழுதுட்டு, தொடச்சிக்கிட்டு, மேல தச்சிருக்கா. நீ எடுத்துட்டீன்னா அவ அழுததே இல்லன்னு ஆயிடும்."

அந்தப் புள்ளி இன்றும் அங்கேயே இருக்கிறது.

இப்போது அந்தக் கேஸ்.

தை பிறந்து கல்யாண சீசன் சூடு பிடித்திருந்தது. ஒயர் கூடையோடு ஒரு அம்மா மாடியேறி வந்தார். பெயர் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்குப்பத்துப் பக்கம் கிராமம், கரும்பு விவசாயம். பின்னால் வந்த ஆள் உள்ளே வராமல் மாடிப்படியிலேயே நின்றுகொண்டார். அந்த அம்மா கூடைக்குள்ளிருந்து புதுத் துண்டில் சுற்றிய எதையோ எடுத்தார். பிரித்தார். பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் அட்டை. ரேஷன் கார்டுக்குப் போடுவார்களே, அதே லேமினேஷன். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு துணி, அங்கங்கே காற்றுக் குமிழ்கள். குமிழ்களுக்கு நடுவே கட்டம் கட்டமாக எழுத்துகள், ஒரு மரம், இரண்டு மயில்.

சம்பந்தம் சார் கிராம்பைக் கையில் எடுத்துவிட்டார். அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யாரும்மா பண்ணது?"

செல்வி முகவாயால் படியைக் காட்டினார். "அதோ நிக்கிறானே, எந்தம்பி முருகேசன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டாண்ட ஜெராக்ஸ் கட வச்சிருக்கான். ஊருல இருக்குறவன் கார்டெல்லாம் லேமினேசன் போட்டுப் போட்டு, கையி சும்மா இல்லாம சாமிக்கும் போட்டுட்டான்."

"நல்லதுக்குத்தான் சார் பண்ணேன்" என்றது படி. "கல்யாணத்துக்குக் கல்யாணம் மஞ்சத்தண்ணியில முக்கி முக்கி ஓரமெல்லாம் நைஞ்சி போச்சி. இப்பிடியே விட்டா ஒண்ணும் மிஞ்சாதுன்னு பயந்துட்டேன்."

"சார், அவன பேச வேணாம்னு சொல்லுங்க" என்றார் செல்வி, திரும்பிப் பார்க்காமல்.

சார் படியைப் பார்த்து, "பேச வேணாம்ங்கிறாங்க" என்றார்.

"சரி சார்."

அக்காவும் தம்பியும் அந்த லேமினேஷன் நாளிலிருந்து நேராகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் யார் கிடைக்கிறார்களோ அவர்கள் வழியாகத்தான். அடுத்த சில வாரங்களுக்கு அந்த உத்தியோகம் எங்களுக்கு.

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் சின்ன வயதில் இறந்துபோன பெண் வீட்டுக்குத் தெய்வமாகிவிடுவாள். பூவாடைக்காரி என்பார்கள். அவளுக்கென்று ஒரு துணி, அதற்கென்று ஒரு பெட்டி. வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, படையல் போட்டு, அவளைக் கும்பிட்ட பிறகுதான் பந்தக்கால். செல்வி வீட்டுப் பூவாடைக்காரியின் பெயர் அஞ்சலை. கரும்பு வண்டி ஓட்டியவரின் மகள். கடலூர் மிஷன் பள்ளியில் படித்தாள். வாந்திபேதி கண்ட ஒரு வருஷத்தில் போய்விட்டாள். அவள் தைத்த துணி மட்டும் வீடு வந்து சேர்ந்தது. கடைசி வரியில் அவள் பெயர். நான்கு தலைமுறையாக அந்தக் குடும்பம் அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. அவள் கையால் போட்ட பெயர்.

"பிளாஸ்டிக்குக்குள்ள மஞ்சத்தண்ணி எப்பிடி சார் எறங்கும்?" என்றார் செல்வி. "எங்க பங்காளிங்க எல்லாம் கூடிப் பாத்தாங்க. மூச்சு முட்டிக் கெடக்குறவள வச்சிக்கிட்டுப் படையல் போட மாட்டோம்னுட்டாங்க. படையல் இல்லன்னா பந்தக்கால் இல்ல. பங்குனியில எம்பொண்ணு கார்த்திகாவுக்குக் கல்யாணம். பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சி சார்."

"பிரிக்கப் பாக்கறோம்மா. வாக்குக் குடுக்க மாட்டேன்."

"பிரிச்சா போதும் சார். ஆனா மஞ்ச போயிடக் கூடாது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் தொழிலில் மஞ்சள், குங்குமம், சூடப்புகை எல்லாம் துணிக்கு வெளியிலிருந்து வந்தவை. பதிவில் அழுக்கு என்றுதான் எழுதுவோம்.

"அத்தன கல்யாணமும் அதுலதான சார் இருக்கு" என்றார் செல்வி. "எங்கம்மா கல்யாணம், எங்கம்மாவுக்கு அம்மா கல்யாணம், எங்கல்யாணம். ஒண்ணும் மேல ஒண்ணு."

 சார் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் அப்போதுதான் அது நிறமாகத் தெரியாமல் ஆழமாகத் தெரிந்தது, கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி.

முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். லேமினேஷன் தாளுக்கு இரண்டு அடுக்கு. வெளியே விறைப்பான பிளாஸ்டிக், உள்ளே சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்கிற பசை. பசை நூலுக்குள் இறங்கியிருந்தது. இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். கரைக்கலாம். எதில் கரைப்பது என்பதுதான் கேள்வி. நேராக அஞ்சலையிடம் பரிசோதனை செய்ய முடியாது. சார் படியைப் பார்த்து, "முருகேசன், ஒரு ஒத்தாச பண்ணணும்" என்றார்.

பழைய பருத்தித் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, அதே தாளில், அதே மெஷினில் போட்டுக் கொண்டுவர வேண்டும். மறுவாரம் முருகேசன் ஒரு கட்டு கொண்டுவந்தார்.

"கடைக்கு வர்றவன்லாம், என்னாண்ணே துணிக்கு ஆதாரான்னு கேக்குறான் சார்" என்று சிரித்தபடி நீட்டினார். இடது கையால்.

"சார், சாமி காரியத்துக்குப் பீச்சாங்கையால நீட்ட வேணாம்னு சொல்லுங்க" என்றார் செல்வி.

முருகேசன் சட்டென்று கை மாற்றினார். சிரிப்பு போய்விட்டது. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வருகிற திட்டு என்பது முகத்தில் தெரிந்தது.

அந்தக் கட்டை வைத்துக்கொண்டு நாங்கள் பழகினோம். முதல் புட்டியைத் தொட்டதும் பசை இளகியது, ஆனால் பஞ்சு மஞ்சளாகிவிட்டது. பசையோடு கல்யாணங்களும் வந்துவிடும். இரண்டாவது ஸ்பிரிட், அதிலும் மஞ்சள். மூன்றாவது, நான்காவது என்று போய், கடைசியில் மண்ணெண்ணெய்க்கு அண்ணன் மாதிரி மணக்கிற ஒன்று. பசை மெதுவாக ஊறி உப்பியது. பஞ்சு வெள்ளையாகவே வந்தது. சார் அந்தப் பஞ்சை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். ஒன்றும் இல்லாத ஒரு பஞ்சை அவ்வளவு சந்தோஷமாக யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

ஆக வழி தெரிந்தது. மெல்லிய சூட்டுக் கரண்டியால் வெளிப் பிளாஸ்டிக்கை ஓரத்திலிருந்து இளக்கி மேலே சுருட்ட வேண்டும். பிறகு அந்த எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு தையலாக ஒற்றி, உப்பிய பசையை உருட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தையலாக.

அதற்குள் ஒரு தடங்கல். துணியின் பின்பக்கம் தெரியவில்லை. யாரோ முன்னோர் அதன்மேல் வேட்டித் துண்டு ஒன்றை வைத்துச் சுற்றிலும் தைத்திருந்தார்கள். அந்தத் தையலைப் பிரித்துவிட்டால் எனக்குப் பின்பக்கம் கிடைக்கும். இந்தத் தொழிலில் பின்பக்கம்தான் பேசும். நிறம் மங்கியிருக்காது, முடிச்சுகள் இருக்கும், பிழைகள் இருக்கும். எனக்கு அதன்மேல் பசி. செல்வியிடம் கேட்டேன்.

"அவளக் கேக்காம எப்பிடிம்மா நான் சொல்றது? பூப் போட்டுக் கேட்டுருவோம்."

எங்கள் அறைக்குள் பூ வரக் கூடாது. பூவோடு பூச்சி வரும். ஆகவே மாடிப்படித் திருப்பத்தில், தீயணைப்பு மணல் வாளிக்குப் பக்கத்தில் கேட்டோம். இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். யார் எடுப்பது? குழந்தைகள் யாரும் இல்லை. செல்வி சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், நீங்களே எடுங்க" என்றார்.

கோயில் வாசலில் வீடு இருந்தும் உள்ளே போகாதவர் எங்கள் சார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினார். எடுத்தார். சிவப்பு அரளி.

"வேணாம்ங்கிறா" என்றார் செல்வி.

"சரிம்மா. பின்னாடி பிரிக்கல."

உள்ளே வந்ததும் பொரிந்துவிட்டேன். "சார், வெறும் பொட்டலம் சார் அது. மறுபடி ஒரு தடவை எடுத்தா வெள்ளை வந்துட்டுப் போகுது."

"கேட்டோம். பதில் வந்துச்சி. புடிக்கலன்னு மறுபடி கேக்கறதுக்குப் பேரு கேள்வியா?" துண்டை நெற்றியில் கட்டிக்கொண்டார். "முன்னாடி இருக்கறத மொதல்ல முழுசாப் பாரு நீ."

ஆத்திரத்தோடுதான் வேலையைத் தொடங்கினேன். இடது மேல் மூலையில் சூட்டுக் கரண்டியை வைத்தேன். பிளாஸ்டிக் முனகுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு விலகியது, விரலகலம். அந்த விரலகலத்திலிருந்து மஞ்சள் வாசனை எழுந்தது. பழைய பெட்டி, சூடம், ஈரம் காய்ந்த துணி, எத்தனையோ பந்தல்களின் விடியற்காலை. எங்கள் ரசாயன அறையில் அது வந்து நின்றது. சாரைப் பார்த்தேன். அவரும் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார். மூச்சு விட்டது யார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

பிறகு அது கண்ணும் பஞ்சும் மட்டுமான காலம். பூதக்கண்ணாடிக்குக் கீழே மேலிருந்து வரி வரியாக இறங்கினேன். உயிரெழுத்து முடிந்தது. மெய்யெழுத்து முடிந்தது. எண்கள். மயில்கள். பின்பக்கம் மறுக்கப்பட்ட பசியெல்லாம் சேர்ந்து முன்பக்கத்தைத் தின்றது. ஒவ்வொரு தையலையும் தொட்டுத்தான் நகர்ந்தேன். ஒன்றைக்கூட விடவில்லை.

மரத்துக்கு வந்தேன். மரத்தின் ஒரு பாதி அடர்த்தியான இலைகள். அந்தப் பாதி முடிகிற இடத்தில் கை நின்றது.

எப்படிச் சொல்வது. குறுக்குத் தையலில் இரண்டு கால்கள். ஒன்று கீழே படுத்திருக்கும், ஒன்று அதன்மேல் படுத்திருக்கும். மேலே இருக்கிற கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தைத்த கையைப் பொறுத்தது. வலது கைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம், இடது கைப் பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கம். சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருத்தி நடுவில் தன் சாய்வை மாற்றிக்கொள்வதை நான் பார்த்ததில்லை. அங்கே மாறியிருந்தது. 'அ'விலிருந்து மரத்தின் பாதி வரை எல்லாத் தையலும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றன, காற்றில் படுத்த நாற்று மாதிரி. மறுபாதி மரத்திலிருந்து எல்லாம் எதிர்ப்பக்கம்.

சாய்வு மட்டுமில்லை. அந்த எதிர்ப்பக்கத் தையலின் முதல் இலைகள் கோணல். போட்டுப் பிரித்து, மறுபடி போட்டுப் பிரித்த ஊசித் துளைகள் துணியில் திறந்தே கிடந்தன. பக்கத்து இலையைப் பார்த்து, எண்ணி, தப்பி, மறுபடி எண்ணியிருக்கிறாள். நான்கைந்து இலை தாண்டியதும் கை பழகுகிறது. மரம் நிறைகிறது. அதன் கீழே ஒரு பூவரிசை. அதற்கும் கீழே பெயர்.

பெயரின்மேல் இருந்த பசையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது. எடுத்தேன். அஞ்சலை. எல்லாத் தையலும் எதிர்ப்பக்கம்.

சாரைக் கூப்பிட்டேன். கண்ணாடியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் குனிந்தார். மேலே போனார், மரத்துக்கு வந்தார், திரும்ப மேலே போனார், பெயருக்கு வந்தார். பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்து, மேசைமேல் துணி இருக்கும்போதே, உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு கொழந்தைங்க" என்றார்.

அடுத்த முறை செல்வி வந்தபோது சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "அஞ்சலைக்குக் கூடப் பொறந்தவங்க யாராச்சும் உண்டாம்மா?"

"ஒரே தங்கச்சி. பட்டம்மா. ரெண்டும் ஒண்ணாத்தான் பள்ளிக்கூடம் போச்சிங்களாம். அஞ்சல போனதும் அதயும் நிறுத்திட்டாங்க. எங்க வம்சமே பட்டம்மா வயித்துலருந்து வந்ததுதான்."

"அவங்களுக்கு எந்தக் கைப் பழக்கம்னு தெரியுமா?"

"அதான் ஊருக்கே தெரியுமே. பீச்சாங்கக்காரி வூடுன்னுதான எங்க வூட்டுக்குப் பேரு. பட்டம்மாவுக்கு, எங்கம்மாவுக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் படியைப் பார்த்தார். அங்கே முருகேசன் இடது கையில் போனை வைத்து யாருக்கோ ஜெராக்ஸ் விலை சொல்லிக்கொண்டிருந்தார். "இதோ இதுக்கும்."

 அன்று சாயங்காலம் சாரிடம் கேட்டேன். சொல்லலாமா சார்? அவள் கையால் போட்ட பெயர் என்றுதான் நான்கு தலைமுறையாகக் கண்ணில் ஒற்றுகிறார்கள். கல்யாணம் நெருங்குகிறது. அது அவள் கையே இல்லை என்றால், பங்காளிகள் வேறு ஏதாவது கிளப்பினால்?

சார் ரயிலுக்குப் பையை எடுத்துக்கொண்டு நின்றார். "நமக்குத் தெரிஞ்சத நம்மகிட்ட வச்சிக்கிட்டுத் துணிய மட்டும் குடுத்தா, பாதிய எடுத்துக்கிட்டுப் பாதியக் குடுத்த மாதிரி. சொல்லு. என்னா செய்யணும்னு அவுங்களுக்குத் தெரியும்."

துணியைக் கொடுக்கிற நாள் வந்தது. மெல்லிய பலகையில், பருத்தி விரித்து, அஞ்சலையைக் கிடத்தியிருந்தேன். முன்னாலும், பின்னால் வேட்டித் துண்டின்மேலும் பளபளப்பு போய்விட்டது. ஓரமாக இரண்டு மூன்று இடத்தில் பசை விடவில்லை, அதை மறைக்காமல் காட்டினேன். மஞ்சள் அப்படியே இருந்தது, திட்டுத் திட்டாக, ஒன்றின்மேல் ஒன்றாக. செல்வி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மண்ணெண்ண வாட அடிக்கிதே சார்."

"ரெண்டு நாளு நெழல்ல காத்தாட வைங்க, போயிடும். இனிமே தண்ணியில மட்டும் முக்காதீங்கம்மா. அவங்களால தாங்க முடியாது" என்றார் சார்.

செல்வி யோசித்தார். "புதுத்துணி ஒண்ண முக்கிக் காய வச்சி, அதும் மேல இவள ஒக்கார வச்சிடுறோம். மஞ்ச கீழருந்து ஏறட்டும்."

சார் தலையசைத்தார். எங்கள் பாடப் புத்தகம் எதிலும் அந்த வழி இல்லை.

பிறகு நான் பூதக்கண்ணாடியை இழுத்து, மேல் வரிகளின் சாய்வைக் காட்டினேன். மரத்தின் பாதியைக் காட்டினேன். பிரித்துப் பிரித்துப் போட்ட துளைகளைக் காட்டினேன். கடைசியில் பெயரை. செல்வி பார்த்தார். கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார்.

"அப்ப இது அஞ்சல போட்ட பேரு இல்லியா?"

"அஞ்சலையோட பேருதாம்மா. போட்டது தங்கச்சி மாதிரி தெரியுது. அஞ்சலை பாதி மரம் வரைக்கும் வந்திருக்கா. மிச்சத்த இடது கைப் பிள்ளை ஒண்ணு அவளப் பாத்துப் பாத்துத் தச்சி முடிச்சிருக்கு. கடைசியில தம் பேரப் போட்டுக்கல."

 முருகேசன் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை, மேசைக்கு எதிரே நின்றிருந்தார். செல்வியின் விரல் துணியைத் தொடாமல், அதற்கு மேலே காற்றில், அந்தத் துளைகளின் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. போட்டு, பிரித்து, போட்டு.

"எம்மாஞ்சிறுசு இருந்திருக்கும் அது" என்றார். "அக்காளப் பொதச்சிட்டு வந்து ஒக்காந்து தச்சிருக்கு பாரு." பிறகு, தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "அப்ப மொத மொத அவளக் கும்புட்டது பட்டம்மாதான்."

நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் திரும்பினேன். அங்கே சம்பந்தம் சார் ஜன்னலைப் பார்த்து நின்று அதையே செய்துகொண்டிருந்தார்.

பலகையைத் தூக்கினோம். தாய்மாமன்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அது முறை. முருகேசன் முன்னால் வந்தார். பழக்கம் விடவில்லை, இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டினார். ஒரு கையில் பலகை நிற்காது. அவருக்கும் அது தெரிந்தது, ஆனாலும் அந்தக் கையை வெளியே கொண்டுவரவில்லை.

செல்வி என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். 'அவன்கிட்ட சொல்லுங்க' என்று தொடங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"முருகேசா" என்றார் நேராக. "அந்தக் கைய ஏண்டா ஒளிக்கிற? அதுலயே வாங்கு."

கை வெளியே வந்தது. விரல்களில் லேமினேஷன் மெஷின் சுட்ட பழைய தழும்புகள். செல்வி பலகையை அதன்மேல் வைத்தார். வலது கை ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, முருகேசன் இடப்பக்கம் சற்றே சாய்ந்தபடி, ஒவ்வொரு படியாக, துணி சாயாமல் இறங்கிப் போனார்.